உத்தரியத்தில் கறுப்பு நூல்

எனக்குக் கல்யாணமான முதல் மூன்று வருஷமும் சனிக்கிழமை தவறாமல் சாயந்தரம் ஐந்தரை மணிக்குத் தலைவலி வந்தது. ஐந்து மணிக்குத் திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ் வரும். அதில் என் வீட்டுக்காரர் சவரிராயன் இறங்குவார். அவர் கைகால் கழுவி, காபி குடித்து, என் பக்கத்தில் வந்து உட்காருவதற்கும் என்னுடைய இரண்டு நெற்றிப்பொட்டும் துடிக்க ஆரம்பிப்பதற்கும் சரியாக இருக்கும். ஞாயிறு முழுக்க அப்படியே. திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு அவர் கிளம்பிப் போனால், மத்தியானத்துக்குள் தலை தெளிந்துவிடும். நான் மெஷினில் உட்கார்ந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கெட்டுக்குக் கை பொருத்துவேன்.

இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாமியாருக்கு என்ன தோன்றும்? எனக்கு மருமகள் இருந்து, அவள் இப்படிச் செய்தால் எனக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

அவர் கல் குவாரியில் வெடி வைக்கிறவர். பாறையில் துளை போட்டு, ஜெலட்டின் குச்சியை உள்ளே இறக்கி, மண் அடைத்து, எல்லோரையும் விரட்டிவிட்டுப் பற்ற வைக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் அங்கேயே கொட்டகையில் தங்கல். இரண்டு இரவும் ஒரு பகலும்தான் வீடு. அந்த ஒரு நாளும் பெண்டாட்டி நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தால் எந்த ஆம்பளைக்குத்தான் மனசு ஆறும்? ஆனாலும் அவர் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. கட்டிலுக்கு அருகே உட்கார்ந்து என் நெற்றியை அழுத்திவிடுவார். அவர் அழுத்த அழுத்த வலி ஏறும். கையை எடுங்க என்று சொல்ல வாய் வராது.

என் மாமியார் லூசியாவுக்கு வாய் வரும். "ஆறு நாளு மெஷினு உருளுது. எம்புள்ள பஸ்ஸ விட்டு எறங்குனா இவளுக்குத் தல வலிக்குது. எந்த ஊரு நோவுடி இது, காலண்டர் பாத்துக்கினு வருது?" என்று தெருவே கேட்கிற மாதிரி சொல்வார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முடிப்பார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நான் மனசுக்குள்ளே பதில் சொல்லிக்கொள்வேன்.

கண்ணாடி போட்டுப் பார்த்தோம். தைலம், பற்று, ஆவி, பல் பிடுங்குதல் எல்லாம் ஆனது. தாய்வீடான கண்டமங்கலத்துக்கு அனுப்பி ஒரு மாசம் வைத்திருந்தார்கள். ஒரு நாள்கூட வலிக்கவில்லை. அதுவே எனக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. திரும்பி வந்த சனிக்கிழமை வந்த வலி மாதிரி அதற்கு முன்பு வந்ததே இல்லை. கண்ணைத் திறக்க முடியாமல், பித்தம் பித்தமாக வாந்தி எடுத்து, பாயிலேயே கிடந்தேன். மறுநாள் பூசைக்குப் போகவில்லை. "புருஷன் மூஞ்சியப் பாத்தா தல வலிக்குது, சாமி மூஞ்சியப் பாக்கவும் வலிக்குது" என்று மாமியார் கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கும். இதை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது? அவர் கேலி பேசுகிற விதம், மீன் முள்ளை எடுத்துவிட்டு என் தட்டில் வைக்கிற விதம் எல்லாம் பிடிக்கும். வெள்ளிக்கிழமையே நாளை வருகிறார் என்று தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். என் மனசு ஒன்று சொல்லும், என் தலை வேறொன்று சொல்லும். ஊர் என் தலையைத்தான் நம்பியது. நான் நடிக்கவில்லை என்று யாராவது ஒருத்தர் நம்பினால் போதும் என்று இருந்தது. போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, எனக்குத் தெரியாமல் இவரை உள்ளுக்குள் வெறுக்கிறேனோ என்று. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சித்திரவதை.

1999-ஆம் வருஷம், தவக்காலம் முடிந்து ஈஸ்டர் கழிந்த இரண்டாவது ஞாயிறு, மாமியார் ஜெபக் குழுவை வீட்டுக்கே கூப்பிட்டுவிட்டார். குழுவுக்குத் தலைவர் வளன் அண்ணன். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் யாருக்காவது தும்மல் வந்தாலும் அதற்கு ஒரு பேயின் பெயர் வைத்திருப்பார். ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். எனக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் வந்ததிலிருந்து தலை இடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் மண்டை தெறித்துவிடும் போல இருந்தது.

வளன் அண்ணன் கேட்டார், "வீட்ல மந்திரிச்ச பொருளு எதுனா இருக்குதா? மாதா உத்தரியம்?"

உத்தரியம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தபால் தலையைவிடச் சற்றுப் பெரிதான இரண்டு காப்பித்தூள் நிறத் துணி, இரண்டையும் சேர்க்கிற கயிறு. ஒன்று நெஞ்சிலும் ஒன்று முதுகிலும் கிடக்கும். மாதா படம் ஒட்டியிருக்கும். கழுத்தில் போட்டவர்களை மாதா கைவிட மாட்டாள் என்று நம்பிக்கை. பாறைக்கு வெடி வைக்கிற ஆள் அதைக் கழற்றுவாரா? குளிக்கும்போதுகூடக் கழுத்திலேயேதான் கிடக்கும்.

"இவங்கழுத்துல இருக்குதே" என்றார் மாமியார். "கழட்டுடா."

அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "வேணாம்மா. இது பழசு. வேர்வ புடிச்சது. வேற வாங்கிக்கலாம்."

"வேர்வ இருந்தா இன்னா, மாதாவுக்குத் தெரியாத வேர்வையா? குடுடா."

அவரே கழற்றவில்லை. மாமியார்தான் கழற்றினார். நெஞ்சுப் பக்கத்துத் துணியை என் நெற்றியில் வைத்து, ஒரு துண்டால் இறுக்கிக் கட்டினார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்காது. முகம் குப்பென்று சிவந்து எரிந்தது. இரண்டு பொட்டுக்குள்ளும் உலக்கை போட ஆரம்பித்தார்கள். வீடு சுற்றியது. நான் துண்டைப் பிடுங்கி, உத்தரியத்தைச் சுவரில் விட்டெறிந்தேன்.

பாட்டு நின்றது. "பாத்தீங்களா" என்றார் வளன் அண்ணன், மெதுவாக. "மாதாவக் கண்டா ஒத்துக்கல."

அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து நான் பேய் பிடித்தவள். நான் எதற்கென்று தெரியாமல் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் அந்த உத்தரியம் என் கழுத்திலேயே கிடக்க வேண்டும், கழற்றினால் பேய் திரும்பிவிடும் என்று தீர்ப்பு. என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு கட்டிவிட்டார்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் நரகம். மாமியார் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கழற்றிவிடாமல் காவல் காத்தார். புதன்கிழமை வலி கொஞ்சம் இறங்கியது. வியாழக்கிழமை சுத்தமாக இல்லை. சனிக்கிழமை ஐந்து மணி பஸ் வந்தது, அவர் வந்தார், என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்தரை ஆனது, ஆறு ஆனது. வலிக்கவே இல்லை.

அன்றைக்குப் போல ஒரு சனிக்கிழமை எனக்கு வாய்த்ததில்லை. வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன். முதல் முறையாக அவர் நெஞ்சில் தலை வைத்துத் தூங்கினேன். மாமியார்கூட என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார். நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். உண்மையாகவே, முழங்கால் போட்டுச் சொன்னேன். அப்படியானால் எனக்குள் பேய்தான் இருந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவருடைய உத்தரியத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த சனிக்கிழமை ஐந்தரைக்கு வலி வந்தது. முன்னைவிட இரண்டு மடங்கு. மறுநாள் மறுபடியும் அவர் கழுத்திலிருந்து கழற்றி என் கழுத்தில் கட்டினார்கள்.

திங்கட்கிழமை அவர் போன பிறகு, வலியோடு பாயில் கிடந்தபடி அந்தத் துணியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நான் தையல்காரி. எனக்கு மனுஷர்களைத் தெரியாவிட்டாலும் தையலைத் தெரியும். போன முறை என் கழுத்தில் கிடந்தபோது ஓரத்தில் வெள்ளை நூல் ஓடியிருந்தது. இப்போது கறுப்பு நூல். ஆம்பளைக் கைத்தையல், மூட்டை தைக்கிற மாதிரி கோணல் கோணலாக. மாதாவின் துணியை ஒருத்தர் எதற்கு வாராவாரம் பிரித்துத் தைக்க வேண்டும்? ஊசியை எடுத்துப் பிரித்தேன்.

உள்ளே மெழுகுக் காகிதம், நகம் அளவுக்கு மடித்து வைத்திருந்தது. பிசுபிசுப்பு. முகர்ந்தால் பழுத்த வாழைப்பழத்தில் மருந்து கலந்தது போல ஒரு தித்திப்பு வாசனை. சனிக்கிழமை சாயந்தரங்களின் வாசனை. அவர் மேலுக்கு இயல்பாகவே அந்த வாசனை என்று மூன்று வருஷமாக நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை பூமாலை வந்தார். அவரும் அதே குவாரி, என் வீட்டுக்காரருக்கு ஒத்தாசை. கையில் கல் விழுந்து ஒரு வாரமாக வீட்டில் இருந்தவர், சம்சாரத்தின் ஜாக்கெட்டை வாங்கிப்போக வந்திருந்தார். நான் காகிதத்தை ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். "இது இன்னாண்ணா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "இத ஏம்மா வெளிய வச்சிருக்கிற? வெடிக்குச்சி சுத்துன காயிதம் இது. உள்ள வை."

"இதுக்கும் தலைவலிக்கும் எதுனா உண்டா?"

அவர் சிரித்தார். ஏதோ பழைய நண்பனைப் பற்றிக் கேட்ட மாதிரி. "அத ஏன் கேக்குற. புதுசா வேலைக்கு வர்ற ஆளுக்கு மொத நாளு மண்ட பொளந்துடும். வாந்தி எடுப்பான், ஓடிடலாமான்னு பாப்பான். நாலு நாளு. அப்பால பழகிடும். ஆனா ஞாயித்துக்கெழம லீவுல கை படலன்னு வையி, பழக்கம் போயிடும். திங்கக்கெழம மறுபடி பேஜாரு. அதான் லீவுக்குப் போறப்போ துண்டுல துளியூண்டு முடிஞ்சிக்கினு போவோம். பழக்கம் விடாம இருக்கும். எங்க எல்லாருக்கும் அதுதான் வைத்தியம்."

அவர் போன பிறகு நான் சிரித்தேன். தனியாக, சத்தமாக. பக்கத்து வீட்டில் கேட்டால் பேய் சிரிக்கிறது என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும். என் தலை என் புருஷனை வெறுக்கவில்லை. ஒரு காகிதத்தைத்தான் வெறுத்திருக்கிறது. மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. ஜெபக் குழுவும் மாமியாரும் சேர்ந்து, தங்களுக்கே தெரியாமல், என்னைக் குவாரி வேலைக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

சிரித்து முடித்த பிறகுதான் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். பிரித்த உத்தரியத்தை அவர் முன்னால் போட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

"துண்டுல முடிஞ்சா பஸ்ஸுல போலீசு அவுத்துப் பாப்பான். உத்தரியத்த எவனும் தொட மாட்டான்" என்றார்.

"எனக்கு இதுனாலதான் வலின்னு எப்பத் தெரியும்?"

"சத்தியமா முன்னாடி தெரியாது செல்வி. இத்தினியூண்டு காயிதம், துணிக்குள்ள இருக்குது. அது உன்னிய இன்னா பண்ணும்னு இருந்தேன்."

"எப்பத் தெரியும்?"

உத்தரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கு நெத்தியில வச்சப்போ."

"அப்ப நான் பேய் இல்லன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே ஒரு வாரம் கழுத்துல கட்ட விட்டீங்க. மறுபடியும் கட்ட விட்டீங்க."

"சொன்னா இன்னா ஆவும்? ஜெலட்டினு காயிதத்த வீட்டுக்குக் கொண்டாந்தான்னு ஊருக்குத் தெரிஞ்சா போலீசு சும்மா விடுவானா? லைசென்சு போறது ஒருபக்கம், வெடிமருந்து கேசுல உள்ள போட்டுடுவான். வளன் அண்ணன் வாயி சும்மா இருக்குமா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. நான் யாரிடமாவது உண்மையைச் சொன்னால் அவர் ஜெயிலுக்குப் போவார். சொல்லாவிட்டால் நான் பேயாகவே இருக்க வேண்டும். மூன்றாவது வழி இருக்கிறதா என்று நானும்தான் தேடினேன். நான் பிரித்தெடுத்த காகிதத்தையும், அவர் புது உத்தரியத்தில் வைத்துக் கொண்டுவந்த காகிதத்தையும் சேர்த்து, கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். அவர் உடம்பைச் சோப்புப் போட்டு இரண்டு முறை குளிக்க வைத்தேன். இனிமேல் இந்த வாசனை வாசப்படி ஏறக்கூடாது என்றேன். சரி என்றார்.

மறுநாள் எனக்கு லேசான கனம்தான் இருந்தது. பூசைக்குப் போய் வாய்விட்டுப் பாடினேன். வந்து கேப்பைக் களி கிளறிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவர் கையை நெஞ்சில் வைத்தார். உத்தரியத்தைத் தேடுகிறார் என்று நினைத்தேன். சட்டை முழுக்க வியர்வை. "யாரோ ஏறி மிதிக்கிற மாதிரி இருக்குது" என்றார். முப்பத்து நாலு வயது. தலைவலி போய் திருகுவலி வந்தது என்பார்களே, அது பழமொழி இல்லை, அன்றைக்கு என் வீட்டில் நடந்தது.

வேன் பிடித்துத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அம்சா என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். என் வீட்டுக்காரர் நாக்குக்கு அடியில் ஒரு சின்ன மாத்திரையை வைத்தார். இரண்டு நிமிஷத்தில் இவர் முகத்துக்குத் தெளிவு திரும்பியது. பெருமூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தார். டாக்டர் ஓட்டமும் நடையுமாக எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, "இந்த வயசுல அடைப்பு ஒண்ணும் தெரியல. என்ன வேலை பாக்கிறார்?" என்று கேட்டார். மாமியாரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த டாக்டர்தான் என்னை நம்பிய முதல் ஆள்.

"நீங்க பொய் சொல்லலம்மா. உங்க தலையும் பொய் சொல்லல" என்றார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு சொன்னார்: "மூளைக்குள்ள போற ரத்தக்குழாய் வெறும் பைப் இல்ல. சுத்தித் தசை இருக்கு. எப்ப விரியணும், எப்ப இறுகணும்னு உடம்பு அதுக்குச் சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். அந்தக் குழாயோட உள்சுவர்லயே ஒரு வாயு ஊறுது. நைட்ரிக் ஆக்ஸைடுன்னு பேரு. தளர்ந்துக்கோன்னு சொல்ற சேதி அதுதான். அதைக் கண்டுபிடிச்சவங்களுக்குப் போன வருஷம்தான் நோபல் பரிசு குடுத்தாங்க. ஜெலட்டின்ல இருக்கிற மருந்து தோல் வழியா உள்ள போனா அதே சேதியா மாறிடும். நீங்க கேக்காமலே தலைக்குள்ள இருக்கிற குழாயெல்லாம் விரிஞ்சு, பக்கத்துல இருக்கிற நரம்பை உசுப்பிடும். சில வாரம் ஜாஸ்தியா இருக்குமே, மாசத் தூரத்துக்கு முன்னாடி?"

ஆமாம் என்றேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அந்த நாள்ல ஹார்மோன் சட்டுனு இறங்கும். அப்ப அந்த நரம்பும் குழாயும் இன்னும் சொரணையா இருக்கும். கொஞ்சம் பட்டாலே துடிக்கும்."

"அவருக்கு ஏன் நெஞ்சுல?"

"ஆறு நாள் வெளியாள் ஒருத்தன் தளர்த்திக்கிட்டே இருந்தா, குழாய் தன் பங்குக்கு இறுக்கிப் பிடிச்சுப் பழகிடுது. வெளியாள் திடீர்னு போயிட்டா அந்தப் பிடி மட்டும் மிஞ்சும். தலையில மட்டுமில்ல, இதயத்துலயும். இந்த மாத்திரை அந்த மருந்துக்குத் தம்பி முறை. அதான் உடனே கேட்டுது. படிப்படியா இதைக் குறைச்சு நிறுத்தலாம். ஆனா வேலைய விடணும். அந்தக் காகிதம் வீட்டுல இருக்கவே கூடாது. கைக்குழந்தை மேல பட்டுச்சுன்னா ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. வேலையால வந்த நோய்னு நான் எழுதித் தரட்டுமா?"

அவர் படுக்கையிலிருந்து தலையை ஆட்டினார், வேண்டாமென்று. எழுதினால் காகிதம் எப்படி வீட்டுக்கு வந்தது என்று கேட்பார்கள். வேலையை விடுகிறேன் என்று மட்டும் சொன்னார். மழைக்காலத்தில் குவாரி நின்றதும் விட்டுவிடுகிறேன், அதுவரை லீவு நாளில் மாத்திரை, காகிதம் கிடையாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். நானும் நம்பினேன்.

ஊருக்குள் கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. என் பேய் என்னை விட்டு அவரைப் பிடிக்கப் பார்த்ததாம், மாதா தடுத்துவிட்டாளாம். அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் எனக்கு வலி இல்லை, பூசையில் பாடினேன். பேய் போய்விட்டது என்று முடிவாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு சாயந்தரம் கோயிலில் எல்லோர் முன்னாலும் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று வளன் அண்ணன் ஏற்பாடு செய்தார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போகலாம் என்றே இருந்தேன். ஒரு பொய், ஐந்து நிமிஷம், மாதாவுக்கு நன்றி, அதோடு நான் மறுபடியும் வெறும் சகாயசெல்வி. யாரும் என்னைப் பார்த்துக் குழந்தையை இடுப்பு மாற்றிப் பிடிக்க மாட்டார்கள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருவார்கள். எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

முந்தின நாள் சாயந்தரம் லேசாகப் பொட்டு தெறித்தது. தூரத்துக்கு நாள் நெருங்கியிருந்தது, ஹார்மோன் என்று டாக்டர் சொன்னாரே என்று விட்டுவிட்டேன். கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துக்கொண்டு என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

கோயிலில் கூட்டம் இருந்தது. இந்துக்களும் வந்திருந்தார்கள். மூன்றாவது தெரு சங்கவி எட்டு மாசப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நின்றாள். நாலு நாளாகக் காய்ச்சல், குழந்தை துவண்டு கிடந்தது. "அக்கா, அண்ணங்கழுத்துல இருக்குற உத்தரியத்த எம்புள்ள மேல ஒருவாட்டி வச்சா போதும்கா" என்றாள். வளன் அண்ணன் ஆண்கள் வரிசையைப் பார்த்து, "சவரி, இங்க கொண்டா" என்றார்.

அவர் எழுந்து வந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றினார். காப்பித்தூள் நிறத் துணியின் ஓரத்தில் கறுப்பு நூல் கோணல் கோணலாக ஓடியிருந்தது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மாத்திரையை நம்பப் பயம், திங்கட்கிழமைத் தலைவலிக்குப் பயம், நெஞ்சு வலிக்குப் பயம். அந்த முகத்தில் எல்லாப் பயமும் இருந்தது. வேண்டாம் என்று சொல்லக் கூடிய ஒரு வார்த்தைதான் இல்லை. மாமியார் அதைக் கழற்றி வளன் அண்ணன் கையில் கொடுத்தார். சங்கவி குழந்தையின் சட்டையை விலக்கி நெஞ்சைக் காட்டினாள். கையகலம் இருந்தது அந்த நெஞ்சு.

உள்ளே வெடிமருந்துக் காகிதம் இருக்கிறது என்று சொல்லலாம். நூறு பேர் முன்னால். நாளைக் காலையில் போலீஸ் வீட்டில் நிற்கும். அவருக்கு விலங்கு. ஸ்டேஷனில் மாத்திரை யார் கொடுப்பார்கள்? சும்மா இருக்கலாம். நாலே எட்டில் அந்தத் துணி குழந்தை மேல் பட்டுவிடும்.

நான் பாய்ந்து வளன் அண்ணன் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

"வைக்காதீங்க" என்றேன். "எம்பேயி இன்னும் போவல. என்னிய விட்டு எறங்கி இதுக்குள்ளதான் உக்காந்துக்கினு இருக்குது. எனக்குத் தெரியுது. தொட்டீங்கன்னா புள்ளைய எடுத்துக்கும்."

இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. சங்கவி குழந்தையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனாள். இரண்டு பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மாமியார் சுவரோடு ஒட்டி நின்றார். அந்த அம்மாள் கண்ணில் முதல் முறையாக என்மேல் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "புள்ளையத் திண்டிவனத்துக்குத் தூக்கினு போ, அம்சா டாக்டர்கிட்ட, ஜல்தி" என்று நான் கத்தினேன். பேய் சொன்னதால் சங்கவி உடனே ஓடினாள். நான் சொல்லியிருந்தால் நின்று யோசித்திருப்பாள்.

குழந்தை பிழைத்தது. டைபாய்டாம். இப்போது ஆறாவது போகப் போகிறாள்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது என் வீட்டுக்காரர் இரண்டடி பின்னால் வந்தார். "ஏன் செல்வி அப்படிச் சொன்ன?" என்றார்.

"வேற இன்னா சொல்றது? நீங்களே சொல்லுங்க."

அவர் எட்டி நடந்து என் பக்கத்தில் வந்தார். வழியிலேயே என் கையிலிருந்த உத்தரியத்தை வாங்கி, நூலைப் பல்லால் கடித்துப் பிரித்து, காகிதத்தைச் சாக்கடையில் போட்டார். அதன் பிறகு அவர் எதையும் கொண்டுவரவில்லை, அதற்கு நானே சாட்சி. வேலையை மட்டும் விடவில்லை. மழைக்காலம் வந்தது, போனது. வருஷா வருஷம் அடுத்த மழைக்காலம் என்றார். சில வருஷத்துக்கு முன்னால் அந்த வகை ஜெலட்டினே கூடாதென்று சர்க்கார் நிறுத்திவிட்டது. இப்போது வேறு மருந்து, அதில் தலைவலியே இல்லையாம். அவர் மாத்திரையும் நின்றுவிட்டது. திடமாக இருக்கிறார். சனிக்கிழமை ஐந்து மணி பஸ்ஸில் வருகிறார். நாங்கள் சேர்ந்து சாப்பிடுகிறோம். எனக்கு ஒன்றும் வலிப்பதில்லை.

நேற்று எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் துணி கொண்டுவந்தாள். வாசலிலேயே நின்று, ஒரு பழைய ஜாக்கெட்டை நீட்டி, "அளவு இதுலயே எடுத்துக்குங்கக்கா" என்றாள். எங்கள் ஊரில் என்னைத் தொட்டு அளவெடுக்க யாரும் விடுவதில்லை. நான் சரி என்று வாங்கிக்கொண்டேன். கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் இதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார்.